கல்மீன்

கடலடியில் கிடக்கும் கற்களுள் கண்ணும் வாயும் உடையதொரு கல்லும் உண்டு. அதுவே கல்மீன். செங்கடல் முதல் ஆஸ்திரேலியாவின் வடகரை வரையிலும், அதற்கப்பால் பசிபிக் தீவுகளிலும், பவளப்பாறைகளை அடுத்த ஆழமற்ற நீரில் இது வாழ்கின்றது. நம் மன்னார் வளைகுடாவிலும் இதனைக் காணலாம்.

ஒரு முழத்திற்குக் குறைந்த இதன் உடலில் செதில் இல்லை. மேனியெங்கும் கரடுமுரடான பருக்களே. அவற்றின்மீது பாசியும் படர்வதுண்டு. அகன்ற மார்புத் துடுப்புகளால் மணலைத் தோண்டி, உடலைப் பாதி புதைத்துக்கொண்டு, நெடுநேரம் அசையாது கிடக்கும். சிறுமீனோ இறாலோ அருகில் வந்தால் வாயைத் திறந்து நீரோடு உள்ளிழுத்துக்கொள்ளும். இதற்கு ஆகும் காலம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஏறத்தாழ 15 பங்கேயாம். மாத்திரைக்கு அளவாக இலக்கண நூலார் வகுத்த கண்ணிமைப்பொழுதும் இதனை நோக்க மிக நெடிதே!

இரை கொள்வதற்கு இம்மீன் நஞ்சைப் பயன்படுத்துவதில்லை. நஞ்சு தற்காப்பிற்கே உரியது. முதுகில் 13 முட்கள் உள்ளன. ஒவ்வொன்றின் இருபுறமும் நஞ்சுப்பை உண்டு. தடித்த தோல் அவற்றை உறைபோல் மூடியிருக்கும். கல்லென்று கருதி ஒருவன் கால் வைத்தால், முள் பாதத்தில் ஏறும். உறை கீழே தள்ளப்படும். பைகள் நசுங்கி, முள்ளின் பள்ளங்கள் வழியே நஞ்சு பாயும். தேள் தன் வாலை வீசிக் கொட்டுகின்றது; பாம்பு பாய்ந்து கடிக்கின்றது. கல்மீனோ முட்களை நிமிர்த்துவதன்றி வேறொன்றும் செய்வதில்லை. மிதித்தவனது உடற்பாரமே நஞ்சை அவனுள் செலுத்துகின்றது. நீர் வற்றிய வேளையிலும் ஈரமான இடத்தில் இம்மீன் பல மணி நேரம் உயிரோடிருக்கும். ஆதலின் பாறைகளிடையே வெறுங்காலுடன் நடத்தல் தகாது. மெல்லிய செருப்பையும் இம்முள் துளைத்துவிடும்.

குத்துண்டவன் பொறுக்கவொண்ணா வலியால் துடிப்பான், கால் வீங்கும், மூச்சும் இதயத் துடிப்பும் தளர்ந்து உயிருக்கே இடர் நேர்தலும் உண்டு. உடனே அவனைக் கரைக்குக் கொணர்ந்து, காலை வெந்நீரில் அமிழ்த்துதல் வேண்டும். புரதத்தால் ஆகிய இந்நஞ்சின் வேகம் வெப்பத்தால் குன்றும். வெப்பம் 45 பாகை செல்சியசுக்கு மேற்படலாகாது. வலியால் மயங்கியவனுக்குச் சூடு தெரியாதாகலின், உடனிருப்பவரே முதலில் கைவிட்டுப் பார்த்தல் நன்று. கயிற்றால் இறுகக் கட்டுதலும் புண்ணைக் கீறுதலும் கேடே பயக்கும். பின்னர்த் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குதிரைகளின் உதவியால் ஆக்கப்பெறும் நச்சு முறிமருந்து ஆஸ்திரேலியாவில் 1959 முதல் வழக்கில் உள்ளது.

இத்துணைக் கொடிய மீனையும் மனிதன் விட்டானில்லை. முட்களை நீக்கிச் சமைத்து, அதன் வெள்ளிய ஊனை ஜப்பானியரும் சீனரும் விரும்பி உண்கின்றனர்.