விளம்பரம் தோற்கிறது, வெள்ளைக் கவர் ஜெயிக்கிறது

ராத்திரி ஷிப்ட் முடித்து ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் இறங்கும் மில் தொழிலாளி மெடிக்கல் கடையில் கேட்பது ஒன்றுதான்: "கால் கடுக்குதுண்ணே, ஒரு வேளைக்குக் குடுங்க." வலி போக்கும் ஸ்பிரே விளம்பரம் அவர் வீட்டு டிவியில் நாள் முழுக்க ஓடுகிறது. பெயர்கூட மனப்பாடம். இருந்தும் அதைக் கேட்பதில்லை.

ஏன் கேட்கவேண்டும்? விளம்பரத்தில் வலிப்பது கிரிக்கெட் ஆடுகிறவருக்கு, ஜிம்முக்குப் போகிறவருக்கு. எட்டு மணி நேரம் மெஷின் சந்தில் நடந்து, அறுந்த இழையை ஒட்டும் சைடர் அதில் இல்லை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவரின் முழங்காலும் இல்லை. வாய் இந்தியில் அசைய, குரல் தமிழில் வருகிறது. தைலம் தேய்த்த மறுநொடியே அம்மா எழுந்து பூரி சுடுகிறார். யார் நம்புவார்கள்?

போதாக்குறைக்குச் சட்டம் வேறு. சர்க்கரை, புற்றுநோய் உட்பட 54 நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்றது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். டாக்டர் சீட்டுக்குத்தான் தரவேண்டிய மாத்திரைகளும் திரைக்கு வருவதில்லை. அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் அவையும் டிவியில் வரும். இங்கே மிஞ்சுவது தைலமும் லேகியமும் இருமல் மருந்தும். 'கேக்குற மருந்து டிவியில வராது' என்று ஜனங்கள் முடிவுகட்டிவிட்டார்கள்.

பெயரை மனதில் பதிக்கத்தான் விளம்பரம், விற்பது கடைக்காரர் வேலை என்கிறது விளம்பரத் துறை. இருக்கலாம். ஆனால் இந்தப் பக்கம் வாய்ச்சொல்தான் சரக்கை விற்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல். அதற்குப் பல காலம் முன்பே ஊர் ஊராகப் பேர் பரவியிருந்தது.

மருந்துக்கும் அதே வாய்ச்சொல்லை நம்புவதுதான் இப்போது பயமுறுத்துகிறது. தேரடியிலிருந்து மில் கேட் வரை பழக்கம் ஒன்றுதான். கத்தரிக்கோல் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையை நறுக்குகிறது. பெயரும் காலாவதித் தேதியும் மிச்ச அட்டையோடு கடையிலேயே தங்கிவிடுகின்றன. வெள்ளைக் கவருக்குள் போவது டைக்ளோஃபினாக்கா, ஸ்டீராய்டா? வாங்குகிறவருக்குத் தெரியாது. வலி உடனே அடங்குவதால் மறுவாரமும் வருகிறார். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், நாள்பட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று கவர் சொல்லாது. ஆன்டிபயாடிக் அட்டையில் சிவப்புக் கோட்டைப் பாருங்கள் என்று 2016-ல் மத்திய அரசு பிரசாரம் செய்தது. நறுக்கிய துண்டில் கோடு எங்கே இருக்கும்?

விளம்பரத்தில் ஏமாறாத ஊர் என்று பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. விளம்பரத்திலாவது மருந்தின் பெயர் இருக்கிறது, தவறென்றால் புகார் கொடுக்கலாம். பெயரில்லாத மாத்திரைக்கு யார் மேல் புகார் கொடுப்பது? ஒரு வேளைக்கு வாங்கினாலும் பெயரும் தேதியும் தெரிகிற துண்டாகக் கேளுங்கள். கூடவே பில்லும் கேளுங்கள். தரத் தயங்கினால் அந்த மாத்திரை வேண்டாம்.