ஆகஸ்ட் மாதத்து மேதைகள்

மகன் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்கிறானாம். ஆகஸ்ட் வந்தால் அறைத்தோழர்களோடு ஃபுட்பால் அணியின் பயிற்சி ஆட்டத்தைப் பற்றி விடிய விடிய வாக்குவாதமாம். "சீசனே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் இதில் என்ன தெரிந்துவிடும்?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

அமெரிக்க ஃபுட்பாலின் விதிகளுக்குள் நான் போகவில்லை, டிவியில் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரிம்மேஜ் என்கிற இந்தப் பயிற்சி ஆட்டம், ஒரே அணி இரண்டாகப் பிரிந்து தனக்குள் மோதிக்கொள்வது. ஆகஸ்டில் பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் நடக்கும். கோச் வெளியே வந்து நாலு வார்த்தை சொல்வார். மிச்சத்தை ரசிகர்கள் நிரப்பிக்கொள்வார்கள்.

சிக்கல் கணக்கிலேயே இருக்கிறது. ஐந்து டச்டவுன் விழுந்தால் தாக்குகிறவர்கள் பலசாலிகளா, தடுக்கிறவர்கள் சோப்ளாங்கிகளா? எங்கள் வீட்டில் தீபாவளி ராத்திரி அப்பாவும் சித்தப்பாக்களும் ரம்மி ஆடுவார்கள். யார் ஜெயித்தாலும், "வீட்டுக் காசு வீட்டுக்குள்ளேயே சுத்துது" என்பாள் பாட்டி.

எனக்குப் பிடித்த வேடிக்கை, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்கின் ஜெர்சி. அவருக்கு மட்டும் தனி நிறத்தில் ஒன்றை மாட்டிவிடுவார்கள். தொடலாம், சாய்க்கக்கூடாது என்று அர்த்தம். பாய்ந்து வருகிற நூற்றிருபது கிலோ ஆசாமி கடைசி அடியில் பிரேக் போட்டு விலகியாக வேண்டும். விசில் ஊதி, 'சாக்', அதாவது குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தாயிற்று என்று எழுதிக்கொள்வார்கள். நிஜ ஆட்டமாக இருந்தால் குவார்ட்டர்பேக் உதறிக்கொண்டு ஓடியிருப்பாரா, பந்தைக் கோட்டைவிட்டிருப்பாரா? யார் கண்டது? நழுவி ஓடுவதில் கெட்டிக்காரருக்கு இது அநியாயம். அவர் வித்தையே பிடி விழுந்த பிறகுதான் தொடங்கும். நின்று நிதானமாக எறிகிறவருக்கோ கொண்டாட்டம். விலா எலும்பைப் பற்றிய கவலை இல்லாவிட்டால் ஆகஸ்டில் எல்லாரும் மேதைதான்.

அந்த ஜெர்சியும் முழுக் காப்பு இல்லை. 2014 ஆகஸ்டில் அதே ஓஹையோ ஸ்டேட்டின் நட்சத்திர குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர், யாரும் இடிக்காமலே, பயிற்சியில் பந்தை எறியும்போது தோள்பட்டை போய் சீசன் முழுவதும் உட்கார்ந்துவிட்டார். அடுத்த இடத்துக்கான போட்டியில் ஜே.டி. பாரெட் முந்தினார், கார்டேல் ஜோன்ஸ் பின்தங்கினார். இரண்டாவது ஆட்டத்திலேயே வர்ஜீனியா டெக்கிடம் 35-21 என்று சொந்த மண்ணில் தோல்வி. நவம்பரில் பாரெட்டின் கணுக்கால் முறிய, ஆகஸ்டில் கழித்துக்கட்டப்பட்ட ஜோன்ஸ் இறங்கினார். விஸ்கான்சினுக்கு எதிராக 59-0. அலபாமாவையும் ஆரகனையும் வீழ்த்தி, 2015 ஜனவரியில் தேசியப் பட்டம்!

அப்படியானால் ஒன்றுமே தெரியாதா? தெரியும். ஆனால் ஸ்கோரில் இல்லை. முதல் வரிசையோடு நிற்கிறவர் யார், பின்வரிசைப் பையன்கள் பந்தைத் தவறாமல் கைமாற்றுகிறார்களா, யார் நொண்டிக்கொண்டு வெளியேறுகிறார் என்று பார்க்கலாம். முக்கியமான வியூகங்களைக் கோச் எப்படியும் மறைத்துத்தான் வைத்திருப்பார்.

இந்த நொண்டலைப் பற்றித்தான் ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும் மாற்று ஆள் யார் என்பதோடு சரி. ஆறு கல்லூரி அணிகளை ஐந்து சீசன்கள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. அதில் பதிவான மூளை அதிர்ச்சிகளில் ஏறத்தாழப் பாதி, சீசனுக்கு முந்தைய சில வாரப் பயிற்சியிலேயே நேர்ந்தவை. டிக்கெட் இல்லை, புள்ளிப்பட்டியல் இல்லை, சக மாணவனே எதிராளி. அடி மட்டும் நிஜம். அதே ஆண்டு கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ., சீசனுக்கு முன் இரண்டு ஸ்கிரிம்மேஜுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது. என்னைக் கேட்டால் அதிலும் ஒன்றைக் குறைக்கலாம்.