பதினாறரை மில்லிமீட்டர்

ஜனவரி பிறந்தால் மாடல் ரயில் பித்து பிடித்தவர்களுக்கு இருப்புக்கொள்ளாது. பிரிட்டனின் ஹார்ன்பி அந்த ஆண்டின் புது வரவுகளை அறிவிக்கும். நியூரம்பெர்க் பொம்மைச் சந்தை நெருங்க நெருங்க ஜெர்மனியின் மார்க்லினும் மற்றவர்களும் தங்கள் கேட்டலாக்கை அவிழ்ப்பார்கள். தீபாவளிக்கு முன்னால் பட்டாசு விலைப்பட்டியலைப் பையன்கள் எழுத்து விடாமல் படிப்பார்களே, ஏறக்குறைய அதே கதைதான். படிக்கிறவரின் தலை மட்டும் நரைத்திருக்கும்.

வாங்குவதற்காக மட்டும் அவர்கள் படிப்பதில்லை, குற்றம் கண்டுபிடிக்கவும்தான். இந்த இன்ஜினுக்கு அந்த வருடத்தில் இப்படி விளக்கு கிடையாதே, கைப்பிடிக் கம்பி ஒன்று குறைகிறதே என்று கிளம்பிவிடுவார்கள். இவர்களுக்கு உலகெங்கும் வழங்கும் கேலிப்பெயர், ரிவெட் எண்ணுகிறவர்கள்.

பழகிய கண் முதலில் தேடுவது ‘புது அச்சு’ என்ற குறிப்பை. பிளாஸ்டிக் உடலை வார்க்க எஃகில் அச்சு வெட்ட வேண்டும். ஜன்னல், காற்றுத்துளை, ஆணித்தலை எல்லாம் அந்த எஃகிலேயே செதுக்கப்படுகின்றன. ஐந்நூறு வார்த்தாலும் ஐம்பதாயிரம் வார்த்தாலும் அச்சுக்கான செலவு ஒன்றுதான். அதனால் ஒரு தடவை வெட்டிய அச்சைக் கம்பெனி லேசில் விடாது. இந்த வருடம் பச்சை, அடுத்த வருடம் சிவப்பு, அதற்கடுத்த வருடம் வேறு எண். புது வரவு என்று போட்டிருப்பதில் பெரும்பகுதி பழைய அச்சில் அடித்த புதுச் சாயம்தான். அதற்குக் கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. அந்தச் சாயத்தில் வருகிற காசில்தான் அடுத்த அச்சு வெட்டப்படுகிறது.

பெங்களூர் ஜோகுபாளையத்துச் சந்து வீடு ஒன்றில் உட்கார்ந்து இதைப் புரட்டுகிறவருக்கு வேறொரு கேள்வி இருக்கும். நம்ம ஊர் வண்டி ஏதாவது இருக்கிறதா? அநேகமாக இருக்காது. சந்தை சிறிது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஓர் எண்.

மாடல் ரயிலில் அதிகம் புழங்கும் அளவுக்கு எச்.ஓ. என்று பெயர். நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. உலகின் பல நாடுகளில் தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டர்; அதை ஸ்டாண்டர்டு கேஜ் என்பார்கள். 87 ஆல் வகுத்தால் 16.5 வரும். எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் அதுதான், பதினாறரை மில்லிமீட்டர். நம் பிராட்கேஜோ 1676 மில்லிமீட்டர். வகுத்தால் 19.3 வருகிறது. ஆக, இந்திய இன்ஜினைச் சரியான அளவில் செய்து கடையில் கிடைக்கும் தண்டவாளத்தில் நிறுத்தினால், இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையிலான அகலம் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் குறைந்துவிடும், அதாவது 2.8. பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. முகத்துக்கு நேரே பார்த்தால், பயில்வான் ஒருவர் குழந்தையின் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும்.

இந்தக் கோளாறு நமக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டனில் ரயிலின் உடல் குறுகலானது. 1930களில் கிடைத்த மோட்டார்கள் எச்.ஓ. அளவு பிரிட்டிஷ் இன்ஜினுக்குள் அடங்கவில்லை. என்ன செய்தார்கள்? உடலை மட்டும் 76இல் ஒரு பங்காகப் பெரிதாக்கி, தண்டவாளத்தைப் பதினாறரையிலேயே விட்டுவிட்டார்கள். ஹார்ன்பி 1938இல் டப்ளோ ரயிலை விற்கத் தொடங்கியது இந்த ஓ.ஓ. அளவில்தான். தண்டவாளம் 18.83 இருந்திருக்க வேண்டும். எண்பது வருடத்துக்கும் மேலாக ஒரு நாடே தப்பான தண்டவாளத்தில் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறது. பொறுக்காத சிலர் மட்டும் 18.83 அகலத்தில் கையாலேயே தண்டவாளம் பதிக்கிறார்கள்.

நமக்கு ஒரு குறுக்குவழி உண்டு. பிராட்கேஜ் என்பது ஐந்தரை அடி. ஓர் அடிக்கு மூன்று மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்தால் ஐந்தரை அடிக்குப் பதினாறரை மில்லிமீட்டர்! கடைத் தண்டவாளம் அப்படியே பொருந்துகிறது. அதாவது நிஜத்தில் 101.6இல் ஒரு பங்கு. 1957இல் டிரையாங் கம்பெனி டி.டி. என்ற பெயரில் விற்ற சின்ன ரயில்களின் அளவும் இதுவே. அது நிலைக்கவில்லை. 2022இல் ஹார்ன்பி அதே டி.டி. என்ற பெயரைத் தூசி தட்டி எடுத்தபோது அளவை 120இல் ஒரு பங்காக மாற்றிவிட்டது. ஆகவே நம் குறுக்குவழியில் போகிறவர் உடல், சக்கரக் கூடு எல்லாவற்றையும் தானே செய்துகொள்ள வேண்டியதுதான்.

வேடிக்கை என்னவென்றால், நம் தினசரி வண்டிக்கு இல்லாத பொருத்தம் ஊட்டி ரயிலுக்கு உண்டு. அது மீட்டர் கேஜ். 87ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர். ஸ்விட்சர்லாந்து மலை ரயில்களுக்காக ஜெர்மனியின் பெமோ போன்றவர்கள் விற்கும் தண்டவாளம் 12 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் யார் கண்ணிலும் படாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏற நடுவில் பல்சட்டம் இருக்கிறதே, அந்த ஆப்ட் முறையும் ஸ்விஸ்காரர் கண்டுபிடித்ததே. ஊட்டி வண்டியை மலையேற்றும் எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் முதலில் வந்ததும் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்துதான்.

மற்றவற்றுக்கு வெட்டி ஒட்டும் வேலைதான் வழி. கிருஷ்ணராஜபுரம் ஷெட்டில் நிற்கும் டபிள்யூ.டி.ஜி.4 டீசல் இன்ஜின் அமெரிக்காவின் இ.எம்.டி. வடிவமைத்தது. அமெரிக்க கேட்டலாக்கில் அதன் அண்ணன் தம்பிகள் வரிசையாக நிற்பார்கள். ஒன்றை வாங்கி, முகப்பை அறுத்து, பிளாஸ்டிக் தகட்டில் புது முகம் ஒட்டி, சாயம் அடித்து, ஷெட் பெயரைப் பொடி எழுத்தில் எழுத வேண்டும். கேட்டலாக்கில் படம் பார்த்து ஆர்டர் கொடுப்பவருக்கு வராத கைத்தேர்ச்சி இப்படித்தான் வருகிறது. புனே கோத்ரூடில் பாவ் ஜோஷி உருவாக்கி 1998இல் திறந்த சிற்றுரு ரயில் காட்சியகத்தைப் பார்த்தவர்களுக்கு, நம்மூர்க் கையால் எவ்வளவு தூரம் போகலாம் என்பது தெரியும்.

ஓடுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிஜ ரயிலில் இரும்பு அச்சுத்தண்டு இரண்டு தண்டவாளத்தையும் மின்சாரத்தால் இணைத்துவிடும். அதை வைத்துத்தான் வண்டி நிற்பதை சிக்னல் அறிகிறது. மாடலில் அப்படி இணைந்தால் ஷார்ட் ஆகிவிடும். ஆகவே ஒரு பக்கச் சக்கரத்துக்காவது மின்காப்பு உண்டு. ஒரு தண்டவாளத்தில் வரும் மின்சாரம் மோட்டார் வழியாக மறு தண்டவாளத்துக்குத் திரும்பும். பழைய முறையில் 12 வோல்ட் நேர்மின்சாரம். திசையை மாற்றினால் வண்டி பின்னோக்கிப் போகும். ஒரே பாதையில் இரண்டு இன்ஜின் நின்றால் இரண்டும் சேர்ந்தே ஓடும். 1990களில் பரவிய டிஜிட்டல் முறை இதைத் தீர்த்தது. தண்டவாளத்தில் மின்சாரம் எப்போதும் இருக்கும், ஆனால் படபடவென்று திசை மாறிக்கொண்டே. 58 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை மாறினால் அது ‘ஒன்று’. 100 மைக்ரோ விநாடியோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டால் ‘சுழி’. ஒன்றும் சுழியுமாகக் கோத்த செய்தியில் இன்ஜினின் எண் இருக்கும். தன் எண்ணைக் கேட்ட இன்ஜின் மட்டும் கீழ்ப்படியும்.

இடம்தான் தீராத சிக்கல். பழைய ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று எச்.ஓ.வில் சுமார் 25 சென்டிமீட்டர். இருபது பெட்டி கோத்தால் ஐந்து மீட்டர் வந்துவிடும். பிராட்கேஜில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். அதைக் குறுக்கினால் இரண்டு மீட்டர். கடையில் விற்கும் வளைவோ பெரும்பாலும் அரை மீட்டருக்கும் கீழே. பத்தடி அறையில் லால்பாக் எக்ஸ்பிரஸ் திரும்பவே திரும்பாது.

ஆனால் ஜோகுபாளையத்துக்காரருக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. 2011 அக்டோபர் 20 அன்று பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. ரோட்டுக்கும் இடையே ஓடத் தொடங்கிய நம்ம மெட்ரோ பிராட்கேஜ் அல்ல, 1435 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்டு கேஜ். அல்சூர் நிலையத்தில் வந்து நிற்கும் வண்டி, எச்.ஓ.வில் பதினாறரை மில்லிமீட்டர் தண்டவாளத்தில் மயிரிழை பிசகாமல் உட்காரும். பெட்டி ஒன்று 24 சென்டிமீட்டர். தொடக்கத்தில் ஓடிய மூன்று பெட்டி வண்டிக்கு முக்கால் மீட்டர் போதும், அலமாரித் தட்டிலேயே நிறுத்திவிடலாம்.

எந்த ஜனவரியிலும் எந்த கேட்டலாக்கிலும் அந்த வண்டியை நான் பார்த்ததில்லை. முதல் கட்டத்து நிஜப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைச் செய்தது பக்கத்துத் திப்பசந்திராவில் இருக்கும் பெமல் தொழிற்சாலை. சிறியதைச் செய்ய ஜெர்மனியிலிருந்து சக்கரம் வர வேண்டும்.