கப்பலேறிய சொற்கள் - 9: இரட்டை உடல் எடுத்த கட்டுமரம்

ஆங்கில அகராதி எதையாவது எடுத்து 'கேட்டமரன்' என்று தேடிப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மெல்லிய உடல்கள், அவற்றை இணைக்கும் தளம், நடுவே பாய்மரம் என்று ஒரு படகைச் சொல்லும். சொல் தமிழிலிருந்து வந்தது என்றும் அதே பதிவில் இருக்கும். நம் கடற்கரைக்காரர் ஒருவரிடம் அந்தப் படகின் படத்தைக் காட்டினால், இதைக் கட்டுமரம் என்று சத்தியமாக ஒப்புக்கொள்ள மாட்டார்.

கட்டுமரத்துக்கு உடலே கிடையாது. மூன்று, நான்கு லேசான மரங்களைச் செதுக்கி, முன்பக்கம் மேல்நோக்கி வளையும்படி சேர்த்து, கயிற்றால் இறுகக் கட்டியதுதான் அது. உள்ளே தண்ணீர் புகுந்துவிடுமே என்ற பயம் இல்லை. உள்ளே என்று ஒன்று இருந்தால்தானே புகுவதற்கு! அலை ஏறினாலும் மரங்களுக்கு நடுவே வடிந்துவிடும். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் காயப் போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகி, இந்தக் காட்சி பல ஊர்களில் அருகிவிட்டது.

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டிலேயே நுழைந்துவிட்டது. 1690இல் சென்னைக்கு வந்த மாலுமி வில்லியம் டாம்பியர், 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதினார். சிறியவை ஒரே ஒரு ஆளைத்தான் தாங்கும், அவன் காலும் பின்புறமும் எந்நேரமும் தண்ணீரில்தான் என்கிறார். கேலி மாதிரித் தெரிந்தாலும் சரியான வர்ணனை. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போடும். ஆட்களையும் சரக்கையும் மசூலா படகுகள் கரைக்குக் கொண்டுவரும். அலை சீறி அந்தப் படகுகளே கடலில் இறங்காத நாளிலும் கட்டுமரக்காரர் போவார். தலையில் இருக்கும் கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்துக்கொண்டு. ஆங்கிலேயப் பயணிகள் இதை வியந்து வியந்து எழுதியிருக்கிறார்கள்.

அதன் பிறகு இந்தச் சொல் போன இடங்கள் விசித்திரமானவை. 1804இல் இங்கிலாந்தின் மேல் படையெடுக்க நெப்போலியன் பூலோன் துறைமுகத்தில் படகுகளைக் குவித்து வைத்திருந்தார். அவற்றைத் தகர்க்க ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்கர் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஓர் ஆயுதம் செய்து கொடுத்தார். (அதற்கு முன் நெப்போலியனிடமே நீர்மூழ்கி விற்கப் பார்த்தவர் அவர்.) ஈயத்தகடு பதித்த நீளமான பெட்டி, உள்ளே வெடிமருந்து, நேரம் வந்ததும் வெடிக்கக் கடிகார விசை. தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய எதுவும் தெரியாது. அதற்கு வைத்த பெயர் கேட்டமரன். தாழ்ந்து மிதப்பது என்ற ஒற்றுமையைத் தவிர இதற்கும் மீன்பிடிக்கும் மரத்துக்கும் வேறு உறவு எனக்குத் தெரியவில்லை. அக்டோபர் 2ஆம் தேதி இரவு ஏவிப் பார்த்தார்கள். சத்தம் பெரிது, சேதம் சொற்பம். லண்டனில் கேலிக்குக் குறைவில்லை.

அடுத்தது இன்னும் மோசம். 19ஆம் நூற்றாண்டு நாவல்களில் சிடுசிடுத்து வம்பிழுக்கும் கிழவிக்குக் கேட்டமரன் என்று பெயர். கடற்படையில் கேப்டனாக இருந்த மாரியட்டின் கதைகளில் இந்த வசவு வரும். சொல்லின் தொடக்கத்தில் 'கேட்', அதாவது பூனை, இருந்ததால் இந்தப் பொருள் ஒட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். நல்லவேளை, இது வழக்கொழிந்துவிட்டது.

இரட்டை உடலுக்கு வருவோம். அந்த யோசனை பசிபிக் தீவு மக்களுடையது. இரண்டு ஓடங்களை இணைத்துப் பெருங்கடலைக் கடந்தவர்கள் அவர்கள். அயர்லாந்தில் வில்லியம் பெட்டி 1662இலேயே இரட்டை உடல் கப்பல் கட்டிப் பார்த்தார். அதை யாரும் கேட்டமரன் என்று அழைக்கவில்லை. 1876இல் அமெரிக்கப் படகுச் சிற்பி நதானியேல் ஹெரஷாஃப் 'அமரிலிஸ்' என்ற இரட்டைப் படகோடு நியூயார்க் போட்டிக்கு வந்து மற்ற படகுகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளினார். தோற்றவர்கள் முறையிட, பரிசு பறிபோனது. மறு ஆண்டு அவர் காப்புரிமை வாங்கினார். இந்த வகைப் படகுக்குக் கேட்டமரன் என்ற பெயரும் அந்தக் காலத்தில்தான் நிலைத்தது. பல மரம் சேர்த்துக் கட்டியது என்பதில் 'சேர்த்துக் கட்டியது' மட்டும் அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. பசிபிக்காரர் படகுக்குத் தமிழர் பெயர், வைத்தவர் ஆங்கிலம் பேசியவர்.

பந்தயக்காரர்களின் சண்டை அதோடு தீரவில்லை. 1988இல் அமெரிக்கா கோப்பைக்கு நியூசிலாந்து ராட்சத ஒற்றை உடல் படகோடு வர, அமெரிக்காவின் டென்னிஸ் கானர் கேட்டமரனில் இறங்கிச் சுலபமாக வென்றார். இது முறையா என்று வழக்கு நியூயார்க் நீதிமன்றங்களில் ஏறியது. முதல் தீர்ப்பு நியூசிலாந்துக்குச் சாதகம். மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 1990இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கோப்பையை அமெரிக்கர்களிடமே விட்டது. கேட்டமரனில் வந்தது குற்றமில்லை என்று ஆயிற்று.

(அடுத்த வாரம்: சுருட்டு 'செரூட்' ஆன கதை)