உரிமக் காலாவதிப் பிழைகளும் வட்டார அமைப்புகளும்

ஒரே உரிமக் கோப்பைக் கொண்டு ஒரு கணினியில் இயங்கும் மென்பொருள், மற்றொரு கணினியில் ‘உரிமம் காலாவதியாகிவிட்டது’ என மறுப்பதுண்டு. அந்நிலையில் பழுது உரிமத்தில் இல்லாமல், அதிலுள்ள தேதியைக் கணினி படிக்கும் முறையில் இருக்கக்கூடும். அதனை இனங்காணும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

டாட்நெட் தளத்தில் தேதியைப் பகுக்கும் செயற்கூறு, தனிக் கட்டளை இல்லாதபோது பயனரின் வட்டார அமைப்பையே பின்பற்றும். 05/03/2025 என்பது இந்திய அமைப்பில் மார்ச் 5. அமெரிக்க அமைப்பில் மே 3. 25/03/2025 என எழுதப்பட்டிருப்பின் அமெரிக்க அமைப்பு அதனை ஏற்காது. பிழை உடனே வெளிப்படும். நாள் 12ஐத் தாண்டாதவரை பிழைச்செய்தி எதுவும் எழாமல் தவறான தேதியே ஏற்கப்படுகிறது. பின்னதே கூடுதல் ஆபத்துடையது.

தாய்லாந்து அமைப்பு இதனினும் நுட்பமானது. அங்கு இயல்பாக வழங்கும் பௌத்த நாட்காட்டி, கிரிகோரியன் ஆண்டைவிட 543 கூடுதலாக எண்ணுவது. எனவே 31/12/2025 என்ற தேதி கி.பி. 1482 எனக் கொள்ளப்பட்டு, நேற்று வாங்கிய உரிமமும் காலாவதியாகிறது. மாறாக, அங்கு 2568 என எழுதப்பட்ட ஆண்டைப் பிற கணினி படித்தால், உரிமம் 543 ஆண்டுகள் நீள்கிறது! இழப்பு இங்கு விற்பவருக்கு.

தேதி சரியாக இருந்தும் பிழை நேர்வதுண்டு. துருக்கிய அமைப்பில் ‘ஐ’ என்னும் ஆங்கிலப் பேரெழுத்தைச் சிற்றெழுத்தாக்கினால் புள்ளியற்ற வடிவமே கிடைக்கும். ஆகவே பேரெழுத்தில் அமைந்த ‘எக்ஸ்பயரி’ என்னும் புலப்பெயர் பொருந்தாமல், காலாவதித் தேதியே இல்லையென நிரல் முடிவு செய்கிறது.

இப்பிழைகள் நிரலரின் கணினியில் பெரும்பாலும் தோன்றா. திரைமொழியை மட்டும் மாற்றிச் சோதிப்பதும் பயன்தராது. விண்டோஸில் திரைமொழியும் வட்டார வடிவமும் தனித்தனி அமைப்புகள். வட்டார வடிவத்தைத் தாய்லாந்து, துருக்கி, சவுதி அரேபியா என மாற்றி, நாள் 12க்கு உட்பட்ட தேதி ஒன்றையும் மேற்பட்டது ஒன்றையும் சோதித்தல் வேண்டும்.

ஆண்டு-மாதம்-நாள் என்னும் ஐஎஸ்ஓ 8601 வரிசை மட்டும் போதுமெனக் கருதுவது பிழை. பௌத்த நாட்காட்டி அவ்வரிசையிலும் ஆண்டை மாற்றிக் கொள்ளும். எழுதும்போதும் படிக்கும்போதும் வட்டாரம் சாராத அமைப்பை நிரலில் வெளிப்படையாகக் குறிப்பிடல் வேண்டும். பயனரின் வட்டார வடிவம் திரையில் காட்டுவதற்கு மட்டுமே உரியது. திருத்தத்திற்கு முன் வழங்கிய உரிமங்கள் எந்த அமைப்பில் எழுதப்பட்டன என்பதையும் கண்டறிந்து, தேவையானவற்றை மீண்டும் வழங்குதல் வேண்டும்.