சாய்வு வண்டியும் பற்சில்லுத் தேர்வும்

கொழும்பிலே கிருலப்பனையைத் தாண்டி நுகேகொடைப் பக்கமாகச் செல்லும் ஹைலெவல் வீதி தொடக்கத்திற் பெரிய ஏற்றமெதுவும் இன்றியே கிடக்கின்றது. அவ்வீதியே அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை என ஊர்கள் பல கடந்து, மலைநாட்டுச் சரிவுகளில் ஏறுகின்றது. சமநிலத்துக்கும் மலைக்கும் ஒருங்கே ஏற்றதாகத் துவிச்சக்கரவண்டியை அமைத்தல் எளிதன்று. சாய்ந்திருந்து மிதிக்கும் வண்டியில் அஃது இன்னும் அரிது. அதன் காரணத்தை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாய்வு வண்டியாவது யாது? சாய்மனைக் கதிரையில் இருப்பதுபோல முதுகைச் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் வண்டியே அது. பிரான்சு தேசத்துச் சாள்ஸ் மொசே என்பவர் அமைத்த இத்தகைய வண்டியில், பிரான்சிஸ் போர் என்னும் வீரர் 1933 ஆம் ஆண்டு யூலை 7 ஆந் திகதி ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீற்றர் ஓடினார். 1914 முதல் நிலைத்திருந்த சாதனை அன்று முறிந்தது. காற்றின் எதிர்ப்புக் குறைந்தமையே அதற்குத் தலையாய காரணம். எனினும் 1934 இற் சர்வதேசத் துவிச்சக்கரவண்டி ஒன்றியம் இவ்வகை வண்டிகளைப் பந்தயங்களினின்றும் விலக்கிவிட்டது.

பந்தயம் நிற்க. நமக்குத் துவிச்சக்கரவண்டி வெறும் விளையாட்டுப் பொருளன்று. 1990 களிற் பொருளாதாரத் தடையால் எரிபொருள் அருகியபோது யாழ்ப்பாணத்து மக்களைச் சுமந்தது அதுவே. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்தபோது கொழும்பிலும் அதனை நாடியோர் பலர். முதுகுவலியாலும் மணிக்கட்டு நோவாலும் சாதாரண வண்டியைக் கைவிட்ட ஒருவருக்குச் சாய்வு வண்டி மீண்டும் வழிதிறக்கக் கூடும். ஆயினும் பற்சில்லுகளைத் தவறாகத் தெரிந்தால், முதுகைக் காத்த வண்டியே முழங்காலைக் கெடுத்துவிடும்.

பற்சில்லின் அளவை அறியும் கணக்கு எளியது. முன் பற்சில்லின் பற்களைப் பின் பற்சில்லின் பற்களால் வகுத்து, வரும் ஈவைப் பின் சக்கரத்தின் விட்டத்தாற் பெருக்குக. முன்னே 48 பற்கள், பின்னே 18 பற்கள், சக்கரம் 28 அங்குலம் ஆயின், விடை ஏறக்குறைய 75 அங்குலம். மிதி ஒருமுறை சுற்ற அவ்வண்டி 6 மீற்றர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 21 கிலோமீற்றராகும்.

இத்தகைய சாதாரண வண்டியில் ஏற்றம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஆசனத்தை விட்டெழுந்து, உடற்பாரம் முழுவதையும் மிதியில் இறக்குகிறோம். சாய்வு வண்டியில் எழுந்து நிற்க இயலாது. முதுகைச் சாய்விடத்தில் ஊன்றி உதைக்கலாம். அவ்வுதை உடற்பாரத்தையும் விஞ்சலாம். அதைத் தாங்குவது முழங்காலே. எனவே ஏற்றத்தை உதையால் வெல்ல முயலாது, சிறிய பல்லளவால் வெல்லுதல் வேண்டும்.

எவ்வளவு சிறிது? ஆளும் வண்டியும் 90 கிலோகிராம் எனவும், 15 அடிக்கு ஓரடி உயரும் சரிவு எனவும், ஓட்டுபவர் 120 உவாற்று வலுத் தருவார் எனவும் கொள்வோம். அவர் மணிக்கு ஆறரைக் கிலோமீற்றர் வரையிலேயே ஏற முடியும். அவ்வேகத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க 22 அங்குலம் வேண்டும். சமநிலத்திலோ காற்றெதிர்ப்புக் குறைவாதலால் 90 அங்குலமும் பயன்படும். ஆகவே நான்கு மடங்கு வீச்சுத் தேவை. நம்மவர் நன்கறிந்த ஸ்ரேமி ஆச்சர் மூன்று கியர்க் குடம் தருவது இரண்டு மடங்குக்கும் குறைவு. முன்னே 30, 46 பற்களும், பின்னே 11 முதல் 34 பற்கள் வரையும் வைத்து, 26 அங்குலச் சக்கரம் பூட்டினால், 23 முதல் 109 அங்குலம் வரை கிடைக்கும். அதே பற்சில்லுகளுடன் 20 அங்குலச் சக்கரம் பூட்டினால் வீச்சு 18 முதல் 84 வரையாகும். மலையேற்றம் எளிதாகும், உச்ச வேகம் குன்றும். ஆனால் 18 அங்குலத்தில் 60 சுற்றுக்கு வேகம் மணிக்கு 5 கிலோமீற்றரே. அவ்வேகத்தில் இருசக்கரச் சாய்வு வண்டி தள்ளாடும். அதனினுங் குறைந்த அளவு முச்சக்கரச் சாய்வு வண்டிக்கே பெரிதும் பயன்படும்.

சங்கிலியின் சிக்கலும் ஒன்றுண்டு. மிதி முன்னேயும் இயங்கும் சக்கரம் பின்னேயும் இருத்தலால், சங்கிலி சாதாரண வண்டியினதைப் போல் இரண்டு மூன்று மடங்கு நீளும். ஆசனத்தின் கீழ் அதனைத் திருப்பிவிட வழிகாட்டிச் சில்லு ஒன்று வேண்டும். 170 மில்லிமீற்றர் மிதித்தண்டில் 50 கிலோகிராம் பாரத்துக்கு ஒத்த விசையால் உதைத்தால், 46 பற்சில்லில் சங்கிலியின் இழுவை ஏறக்குறைய 91 கிலோகிராமாகும். 30 பற்சில்லில் 140 ஆகும். சங்கிலி 30 பாகை திரும்பினால், அவ்விழுவையின் பாதியளவு பாரம் வழிகாட்டிச் சில்லில் அழுந்தும். 10 பாகையாயின் ஆறிலொரு பங்கே. ஆதலின் இழுவையுள்ள மேற்சங்கிலியை இயன்றவரை நேராக விடுக. திருப்பங்களைத் தளர்ந்து திரும்பும் கீழ்ச்சங்கிலிக்கு ஒதுக்குக. வழிகாட்டிச் சில்லும் பெரிதாயிருத்தல் நன்று.

ஒன்றைப் பெற மற்றொன்றை விடுதல் வேண்டும் என்பதே இவ்வமைப்பின் பாடம். எதனை விடுவது? இறக்கத்தில் உச்சப் பல்லளவு போதாதாயின், மிதியாது சும்மா இருந்தாலும் வண்டி ஓடும். ஏற்றத்தில் சிறிய பல்லளவு இல்லையாயின், இறங்கித் தள்ளுவதன்றி வேறு வழியில்லை. ஆதலின் சாய்வு வண்டி அமைக்க முற்படும் மாணவர், முதலில் மலைக்கு வேண்டியதைக் கணித்துக் கொள்க. சமநிலத்து வேகத்தைப் பின்னர் நோக்குக.