ஒஸ்கார் மீனும் எமது வாய்க்கால்களும்

வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்ப்பதற்கெனப் பலரும் விரும்பி வாங்கும் மீன்களுள் ஒஸ்காரும் ஒன்றாகும். அமேசன் ஆற்றுப்படுகையைத் தாயகமாகக் கொண்ட இந்நன்னீர் மீன், 'சிக்லிட்' குடும்பத்தைச் சேர்ந்தது. உணவிடுபவரை அடையாளம் கண்டு நீர்மட்டத்துக்கு வரும் இதன் இயல்பு சிறுவர்களைப் பெரிதும் கவர்கிறது. எனினும், விரல் நீளக் குஞ்சாக வாங்கப்படும் இம்மீன் ஓராண்டுக்குள் ஓரடியை நெருங்குவதோடு, தன்னுடன் வாழும் சிறு மீன்களையும் விழுங்கிவிடுகிறது. தொட்டி போதாத நிலையில், கொல்ல மனமின்றி அருகிலுள்ள வாய்க்காலில் விட்டுவிடும் எண்ணம் எழுகிறது. இரக்கத்தால் செய்யப்படும் இச்செயலே எமது கவலைக்குரியது.

சம்மாந்துறையின் வாய்க்கால்கள் தனித்தவையல்ல. கல்லோயாத் திட்ட நீர் வயல்களில் பாய்ந்து, வடிந்து, தாழ்நிலங்களூடாகக் கடலோர நீர்நிலைகளை நாடிச் செல்கிறது. மாரி வெள்ளத்தில் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதி மூழ்கும்போது குளமேது, வயலேது என்ற வேறுபாடே மறைந்துவிடுவதை நாம் அறிவோம். அந்நீரில் மீன் எங்கும் செல்லும்.

அமெரிக்காவின் புளோரிடாவில் 1950களில் நீர்நிலைகளைச் சென்றடைந்த ஒஸ்கார், இன்று அங்கு நிலைபெற்றுவிட்டது. அங்கே குளிர்காலக் கடுங்குளிராவது அதன் பரவலுக்கு ஓரளவு தடையாக உள்ளது. எமது கரையோரத்திலோ அத்தடையும் இல்லை.

1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் சிக்லிட் தானே, அது எமக்கு உணவாகவில்லையா எனச் சிலர் வினவக்கூடும். உண்மைதான். சேனாநாயக்க சமுத்திரம் முதலான நீர்த்தேக்கங்களின் மீன்பிடி அதனையே பெரிதும் நம்பியுள்ளது. ஆனால் திலாப்பியா பெரும்பாலும் பாசியையும் நீர்த்தாவரங்களையும் உண்பது. ஒஸ்காரோ சிறு மீன்களையும் பூச்சிகளையும் இறாலையும் வேட்டையாடுவது. நன்னீர் மீன்பிடியால் பிழைக்கும் குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

வளர்க்க இயலாதவர்கள் மீனை விற்பனையாளரிடமே திருப்பிக் கொடுக்கலாம். பெரிய தொட்டி உள்ளவரிடம் ஒப்படைக்கலாம். வாங்குமுன்னரே அது எவ்வளவு வளரும் எனக் கேட்டறிவது அதனினும் நன்று.

சிக்லிட் தான் வேண்டுமெனில் எமது நாட்டுக்கே உரியவையும் உள. கறிக்குப் பெயர்பெற்ற செத்தலும், அதன் இனத்துச் சிறு மீனான செம்மஞ்சள் நிறக் குரோமைட்டும் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இயற்கையாக வாழ்பவை. பின்னையது பெரும்பாலும் மூன்று அங்குலமளவே வளரும். நன்னீரிலும் உவர்நீரிலும் வாழும். தாயும் தந்தையும் சேர்ந்தே முட்டைகளைக் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடலில் சுரக்கும் வழுவழுப்பை மேய்ந்து வளர்வதைத் தொட்டியிலேயே காணலாம்.